டவர் இருந்தாலும் வெளியே பார்க்க வேண்டியது விமானிதான்

2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் புதிய பதிப்பு வெளிவந்தபோது, உலகம் முழுவதையும் கணினித் திரைக்குள் கொண்டுவந்துவிட்டதாக அந்த நிறுவனம் சொன்னது. 37,000 விமான நிலையங்கள், 150 கோடிக் கட்டடங்கள், 2 லட்சம் கோடி மரங்கள் என்று கணக்கும் கொடுத்தது. மரங்கள் மீது காட்டிய அக்கறையில் ஒரு பங்கை அந்த நிலையங்களுக்கு மேலே இருக்கும் வானத்தின் மீதும் காட்டியிருக்கலாம். எங்கே யாரிடம் பேச வேண்டும், எங்கே யாரிடமும் பேசாமல் போகலாம், எத்தனை அடி ஏறினால் இந்த விதி மாறும் என்று நிஜ விமானிக்கு அந்த வானம் முழுக்கக் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய சிமுலேட்டர்களின் தரவுக்குள் அந்தக் கோடுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் வழக்கமான தனியாட்ட முறையில் அவற்றைத் தாண்டினால் எதுவும் நடப்பதில்லை. யாரும் அதட்டுவதில்லை, எதிரே வேறு விமானம் வந்து நிற்பதில்லை. அதனால் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு அவை வரைபடத்தை அழகுபடுத்தும் வட்டங்களாகவே நின்றுவிடுகின்றன.

பொழுதுபோக்குக்காக மட்டும் ஆடுகிறவர்களைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் விமானம் ஓட்டுவது எப்படி என்று சிமுலேட்டர் வழியாகக் கொஞ்சமாவது புரிந்துகொள்ள நினைக்கிறவர்கள், சிறிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளியில்தான் தொடங்க வேண்டும். பெரிய நிலையத்தில் பெரிய ஜெட்டுடன் தொடங்குகிறவர் கற்றுக்கொள்வது கீழ்ப்படிதல் மட்டுமே: ஏறு என்றால் ஏறுவது, திரும்பு என்றால் திரும்புவது. அதன் விளைவாக, வானத்தில் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை மனத்தில் ஊறிவிடுகிறது. சிறிய நிலையத்தின் வான்வெளி அந்த நம்பிக்கையை உடைக்கிறது. எவ்வளவு தூரம் வரை கட்டுப்பாட்டு டவர் பொறுப்பு, எங்கிருந்து விமானியே பொறுப்பு என்ற கேள்வியை அது ஒவ்வொரு நிமிடமும் எழுப்புகிறது.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். தனியார் சிறு விமானங்கள் அங்கே மிக அதிகம். பொதுப் பயன்பாட்டில் சுமார் 5,000 நிலையங்கள் இருந்தாலும் டவர் உள்ளவை ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். வான்வரைபடங்களை அரசே இணையத்தில் இலவசமாகப் போடுகிறது என்பதால், சிமுலேட்டர் வைத்திருக்கும் எவரும் நிஜ விமானி பார்க்கும் அதே தாளைப் பார்க்கலாம். வான்வெளியை ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்புகளாகப் பிரிக்கும் சர்வதேச முறையை அமெரிக்கா 1993 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தியது. எஃப் வகுப்பை மட்டும் அது பயன்படுத்துவதில்லை. 18,000 அடிக்கு மேல் ஏ வகுப்பு. லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ போன்ற நெரிசல் மிகுந்த நிலையங்களைச் சுற்றி பி வகுப்பு. மேலே போகப் போக அடுக்கடுக்காக அகலும் அதன் வடிவத்தை, தலைகீழாக நிறுத்திய கோயில் கோபுரம் என்று நினைத்துக்கொள்ளலாம். அதற்குள் நுழைய வெளிப்படையான அனுமதி வேண்டும். நடுத்தர நிலையங்களுக்கு சி வகுப்பு. அங்கே ரேடியோத் தொடர்போடு உயரத்தைச் சொல்லும் ட்ரான்ஸ்பாண்டரும் வேண்டும். இவை மூன்றும் இந்தக் கட்டுரையின் ஓரத்தில் நிற்கட்டும்.

டவர் உள்ள சிறிய நிலையத்தைச் சுற்றி இருப்பது டி வகுப்பு. நிலையத்திலிருந்து நான்கைந்து மைல் ஆரத்தில், பொதுவாகத் தரையிலிருந்து 2,500 அடி உயரம் வரை. வரைபடத்தில் நீல நிறத் துண்டுக் கோடாக வட்டம் இருக்கும். உள்ளே சின்னச் சதுரத்தில் ஓர் எண் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து 800 அடி உயரத்தில் உள்ள நிலையம் என்றால் அந்த எண் 33. அதாவது 3,300 அடியில் கூரை. விமானத்தின் உயரமானியும் கடல்மட்டத்திலிருந்தே கணக்குச் சொல்வதால் கூட்டிக் கழிக்காமல் நேரடியாக ஒப்பிடலாம். உள்ளே நுழைய விதி கேட்பது ஒன்றுதான்: டவருடன் இருவழி ரேடியோத் தொடர்பு ஏற்பட்டிருக்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் விமானத்தின் அழைப்புப் பெயரான கால்சைனைச் சொல்லிப் பதில் தந்துவிட்டால் தொடர்பு ஏற்பட்டதாகக் கணக்கு. கால்சைனைச் சொல்லி "ஸ்டாண்ட்பை" என்று மட்டும் சொன்னாலும் உள்ளே போகலாம். "அழைத்த விமானம், ஸ்டாண்ட்பை" என்று பொதுவாகச் சொன்னால் போகக் கூடாது. கோட்டுக்கு வெளியே வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். கால்சைனைச் சொல்லியே "வெளியே இருங்கள்" என்றாலும் போகக் கூடாது. இப்படி, பதிலில் ஒரு கால்சைன் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே உள்ளே போவதும் நிற்பதும் தீர்மானமாகிறது. இந்த நுணுக்கத்துக்குச் செவியும் கவனமும் பழக வேண்டும். எண் விசைகளை அழுத்தி மெனுவிலிருந்து வாக்கியங்களைத் தேர்ந்தெடுக்கும் சிமுலேட்டர் ஏடிசியில் (வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில்) அது பழக வழியே இல்லை. அங்கே கேட்டதற்குப் பதில் வரும், பதில் வந்தால் அனுமதி, அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்த பிறகு என்ன கிடைக்கிறது? பலரும் பிழையாகப் புரிந்துகொள்வது இதைத்தான். டி வகுப்பில் கண்பார்வையை நம்பிப் பறக்கும் இரண்டு சிறு விமானங்களை வானத்தில் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்கும் கடமை டவருக்கு இல்லை. ஓடுபாதையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் மோதாமல் பார்த்துக்கொள்ளும், வரிசை ஒதுக்கும், இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று முடிந்தவரை தகவல் சொல்லும். விலகிப் போவது விமானியின் வேலை. டி வகுப்பு என்பதற்காக மட்டும் ட்ரான்ஸ்பாண்டர் கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சில டவர்களில் ரேடார் திரை உண்டு. ஆனாலும் கட்டுப்பாட்டாளரின் முதல் கருவி கண்ணாடிச் சுவரும் பைனாகுலரும்தான். அமெரிக்க விமான விதிகளில் 91.113 என்ற பிரிவு இதற்கெல்லாம் அடிப்படை. வானிலை அனுமதிக்கும்போதெல்லாம் பிற விமானங்களைப் பார்த்து விலகும் விழிப்பு, விமானத்தை இயக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்கிறது அது. கருவிகளை நம்பிப் பறக்கிறவருக்கும் விலக்கு இல்லை, டவருடன் பேசிக்கொண்டிருப்பவருக்கும் விலக்கு இல்லை.

2021 மே 12 அன்று கொலராடோவின் சென்டென்னியல் விமான நிலையத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. இணையான இரண்டு ஓடுபாதைகளில் தனித்தனியாக இறங்க ஒரு சிர்ரஸ் சிறு விமானமும் ஒரு மெட்ரோலைனர் சரக்கு விமானமும் வந்தன. இரண்டும் டவருடன் பேசிக்கொண்டிருந்தன. ஆனால் வேறு வேறு அலைவரிசையில், வேறு வேறு கட்டுப்பாட்டாளரிடம். வேண்டியதைவிட வேகமாக வந்த சிர்ரஸ், கடைசித் திருப்பத்தில் தன் ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிப் பக்கத்துப் பாதைக்குள் போய் மெட்ரோலைனரின் உடலைக் கிழித்தது. கூரை பிய்ந்த நிலையில் மெட்ரோலைனர் தரையிறங்கியது. சிர்ரஸ் தன் பாராசூட்டை விரித்து இறங்கியது. யாருக்கும் காயம் இல்லை என்பது இன்றும் நம்ப முடியாத விஷயம். நேர்க்கோட்டைக் காக்கத் தவறியது சிர்ரஸ் விமானியின் பிழை என்று விசாரணை முடிவு செய்தது. மெட்ரோலைனர் விமானிக்கு மற்ற விமானத்தைப் பற்றிக் கட்டுப்பாட்டாளர் சொல்லாமல் விட்டதையும் காரணங்களில் சேர்த்தது. மூன்று தரப்பும் பேசிக்கொண்டிருந்த, பட்டப்பகல் வெளிச்சத்தில் நடந்த மோதல் இது. டி வகுப்பின் வரம்பு எது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

டவரே இல்லாத நிலையங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் இவைதான் பெரும்பான்மை. இங்கே எல்லோருக்கும் பொதுவாக ஓர் அலைவரிசை இருக்கும். வருகிறவரும் போகிறவரும் தங்கள் இடத்தையும் எண்ணத்தையும் அதில் அறிவித்துக்கொள்வார்கள். அது வழக்கம் மட்டுமே, கட்டாயம் இல்லை. ரேடியோவே இல்லாத பழைய விமானம் ஒன்று, இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிவரும் அதே சர்க்யூட்டில் சட்டப்படி சுற்றிக்கொண்டிருக்கலாம். இந்த நிலையங்களுக்கு மேலே கட்டுப்பாடே இல்லை என்று நினைப்பதும் தப்பு. பலவற்றில் தரையிலிருந்து 700 அடி வரை ஜி வகுப்பு, அதாவது கட்டுப்பாடற்றது. அதற்கு மேல் இ வகுப்பு. அது கட்டுப்பாட்டு வான்வெளிதான். வரைபடத்தில் மஜந்தா நிறம் மங்கலாகப் பரவிய விளிம்பு அதைக் காட்டும். ஆனால் கண்பார்வையில் பறக்கிறவர் அங்கேயும் யாருடனும் பேச வேண்டியதில்லை. பேசத் தேவையில்லாத இடத்தை எதற்காகக் கட்டுப்பாட்டு வான்வெளி என்று சொல்ல வேண்டும் என்று சிமுலேட்டர் ஆட்டக்காரர்கள் குழம்புவது இயல்பு.

விடை மேகத்தில் இருக்கிறது. கருவிகளை மட்டும் நம்பி இறங்கும் விமானம் ஒன்று, வெளியே எதையும் பார்க்காமல் மேகத்துக்குள் இறங்கி வருகிறது. மேகத்தின் அடிவயிற்றைக் கிழித்து வெளியே வரும் கணத்தில் அங்கே ஒரு சிறு விமானம் ஒட்டிப் பறந்துகொண்டிருந்தால் இருவருக்கும் விலக நேரம் இராது. அதனால்தான் இ வகுப்பில், 10,000 அடிக்குக் கீழே, கண்பார்வைப் பயணிக்கு 3 மைல் பார்வைத் தெளிவு வேண்டும்; மேகத்துக்குக் கீழே 500 அடி, மேலே 1,000 அடி, பக்கவாட்டில் 2,000 அடி தள்ளி இருக்க வேண்டும். 700 அடிக்குக் கீழே ஜி வகுப்பில், பகலில், 1 மைல் தெளிவும் மேகத்தைத் தொடாமல் இருப்பதும் போதும். கருவி வழியாக இறங்குகிறவர் பெரும்பாலும் அந்த உயரத்துக்கு வரும்போது மேகத்தை விட்டு வெளியேறித் தரையைப் பார்க்கத் தொடங்கியிருப்பார் என்பதே கணக்கு. ஆக, 700 என்ற எண் எங்கோ கோப்பு பார்ப்பவர் மனம்போல் போட்டதல்ல. முன்பின் தெரியாத இரண்டு விமானிகளுக்கு ஒருவரையொருவர் பார்க்க சில நொடிகள் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் போட்டது. மேகங்களை இத்தனை அழகாக வரையும் சிமுலேட்டர்கள், அந்த மேகத்திலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறோம் என்று ஆட்டக்காரரை ஒருபோதும் கேட்பதில்லை. இதைச் செய்யத் தேவையான எல்லா எண்களும் கணினியிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்பதுதான் இதில் வேடிக்கை.

டவர் இல்லாத இடத்தில் பேச்சு எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்பதற்கு இலினாய் மாநிலத்தின் குவின்சி நகர விமான நிலையத்தைப் பார்க்க வேண்டும். 1996 நவம்பர் 19, அந்தி நேரம். பத்துப் பயணிகளுடன் ஒரு பீச் 1900 விமானம் 13-ஆம் ஓடுபாதையில் இறங்க வந்தது. அதைக் குறுக்கே வெட்டும் 4-ஆம் ஓடுபாதையில் ஒரு கிங் ஏர் புறப்படத் தயாராக நின்றது. அதற்குப் பின்னால் ஒரு செரோக்கி காத்திருந்தது. ஓடுபாதையில் நிற்கிறீர்களா, புறப்படுகிறீர்களா என்று பீச் விமானிகள் ரேடியோவில் கேட்டார்கள். கிங் ஏரிலிருந்து பதில் இல்லை. பின்னால் இருந்த செரோக்கி, தான் காத்திருப்பதாகச் சொன்னது. அந்த வாக்கியத்தின் ஒரு பகுதி, பீச் விமானத்தின் காக்பிட்டில் ஒலித்த தரை எச்சரிக்கைக் குரலில் மூழ்கிப்போனது. பதில் சொன்னது கிங் ஏர்தான், அது நமக்காக நிற்கிறது என்று நம்பிய விமானிகள் நன்றி சொல்லி இறங்கினார்கள். கிங் ஏர் புறப்பட்டது. ஓடுபாதைகள் சந்திக்கும் இடத்தில் மோதல், தீ. இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். பீச் விமானத்தில் இருந்தவர்கள் மோதலில் பிழைத்தும், கதவு திறக்காமல் புகையில் மாண்டார்கள். பொது அலைவரிசையைச் சரிவரக் கேட்காததும் வெளியே பார்க்காததும் கிங் ஏரில் இருந்தவர்களின் பிழை என்றது விசாரணை. ஆனால் படிக்கிறவர் மனத்தில் தைப்பது வேறு: கேட்டார்கள், பதிலும் வந்தது, யார் பதில் சொன்னார் என்பதை மட்டும் யாரும் உறுதி செய்யவில்லை.

2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் நிலையத்தில், சர்க்யூட்டில் சுற்றிக்கொண்டிருந்த செஸ்னா 152-ன் மேல், சுமார் 180 நாட் வேகத்தில் நேராக இறங்க வந்த இரட்டை இன்ஜின் செஸ்னா 340 மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். இரு விமானங்களும் ரேடியோவில் அறிவித்துக்கொண்டுதான் இருந்தன. இப்படிப்பட்ட மோதல்களில் பெரும்பாலானவை நல்ல வானிலையில், பகல் வெளிச்சத்தில் நடக்கின்றன என்று அமெரிக்க விமானத் துறையே தன் வழிகாட்டலில் எச்சரிக்கிறது. புயலில் இறங்கிப் பழகுவதை வீரமாக நினைக்கும் சிமுலேட்டர் ரசனைக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

டவர் இல்லாததே இந்த விபத்துகளுக்குக் காரணம் என்று வாதிடுவது சுலபம். அப்படியானால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பெரிய விமான நிலையத்துக்கு நேர் மேலே போகும் சிறப்பு வழித்தடத்தை எப்படி விளக்குவது? நெரிசல் மிகுந்த பி வகுப்பு வான்வெளிக்கு நடுவே, சிறு விமானங்கள் எந்தக் கட்டுப்பாட்டாளருடனும் பேசாமல் கடந்து போக அங்கே ஒரு வழி உண்டு. தென்கிழக்கே போகிறவர் 3,500 அடி, வடமேற்கே போகிறவர் 4,500 அடி. ட்ரான்ஸ்பாண்டரில் 1201 என்ற குறியீடு, விளக்குகள் எரிய வேண்டும், 140 நாட் வேகத்துக்கு மிகாமல், பொது அலைவரிசையில் அறிவித்துக்கொண்டு போக வேண்டும். கீழே ஜெட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அத்தனை நுணுக்கமான ஒழுங்கு அங்கே யாரும் கட்டளையிடாமலே நடக்கிறது, ஒவ்வொருவரும் வரைபடத்தைப் படித்திருப்பதால். அதே நகரத்தின் வானில்தான் 1986 ஆகஸ்ட் 31 அன்று, வழிதவறிப் பெரிய நிலையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைந்த ஒரு பைப்பர் சிறு விமானமும் ஏரோமெக்ஸிகோவின் டிசி-9 விமானமும் மோதி, செரிட்டோஸ் குடியிருப்பில் விழுந்து, தரையில் இருந்த 15 பேர் உட்பட 82 பேர் இறந்தார்கள். அந்த வழித்தடம் இயங்குவதும் இந்த விபத்து நடந்ததும் கட்டுப்பாட்டாளர் இருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்ததல்ல. கோடு எங்கே இருக்கிறது என்று விமானிக்குத் தெரிந்திருந்ததா என்பதைப் பொறுத்தது.

சிமுலேட்டர் உலகம் இதை எப்படிக் கையாள்கிறது? வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டு தொடங்கியதே ஒரு சிறிய நிலையத்தில்தான். 1982-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் பின்வந்த பல பதிப்புகளும் ஆட்டக்காரரை முதலில் கொண்டுபோய் நிறுத்தியது சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டில்: ஏரிக்கரையில் ஒற்றை ஓடுபாதை, ஒரு டவர். 2003 மார்ச் இறுதியில் நகர நிர்வாகம் இரவோடு இரவாக புல்டோசரை விட்டு அந்த ஓடுபாதையைக் கிழித்துப் போட்டது வேறு கதை. பிறகு கணினியின் வேகம் கூடக் கூட, ரசனை பெரிய ஜெட்டுகளின் பக்கம் சாய்ந்தது. ஏர்பஸ் விமானத்தின் நூற்றுக்கணக்கான பொத்தான்களை ஒன்று விடாமல் உருவாக்கிக் காசுக்கு விற்கும் நிறுவனங்கள் உண்டு. ஜெட்டின் கதவு மூடும் ஓசைக்குக்கூட அக்கறை காட்டும் இந்தச் சந்தையில், சர்க்யூட்டில் ரேடியோ இல்லாமல் சுற்றும் ஒரு பழைய பைப்பரை உருவாக்கத்தான் ஆளில்லை.

2001 முதல் இயங்கும் வாட்சிம் என்ற தன்னார்வ வலையமைப்பு இந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் கட்டுப்பாட்டாளர்களாக உட்கார்ந்து, சிமுலேட்டர் விமானிகளிடம் நிஜமாகவே ரேடியோவில் பேசுகிறார்கள். காசு வாங்காமல் இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியம் நடப்பது பாராட்டுக்குரியது. ஆனால் தன்னார்வலர்களின் எண்ணிக்கை குறைவு, அவர்கள் கூடும் இடமும் பெரும்பாலும் பெரிய நிலையங்களே. அதனால் பரந்த வட்டாரம் ஒன்றைக் கவனிக்கும் ஒருவரே அதற்குள் இருக்கும் சிறிய டவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது அங்கே வழக்கம். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. யாருமே இல்லாத நேரத்தில் சிகாகோ ஓஹேர் போன்ற நிலையமும் 122.8 என்ற பொது அலைவரிசையில், டவர் இல்லாத கிராமத்து ஓடுபாதையாகிவிடும். சிறிய நிலையத்தின் கட்டுப்பாடும், பெரிய நிலையத்தின் கட்டுப்பாடும், கட்டுப்பாடின்மையும் ஆட்டக்காரரின் மனத்தில் ஒன்றோடொன்று கலந்துபோவதற்கு இது ஒரு காரணம். இப்போது வரும் செயற்கை நுண்ணறிவு ஏடிசிகள் அழகாகப் பேசுகின்றன. உச்சரிப்பு, தயக்கம் எல்லாம் மனிதர் மாதிரியே இருக்கிறது. அவையும் பெரும்பாலும் மேலிருந்து கட்டளை தருவதையே நடிக்கின்றன. குவின்சியில் கேட்ட அந்தப் பாதி வாக்கியத்தை நடிக்க எந்த மென்பொருளும் இன்னும் துணியவில்லை.

விளையாட்டில் போய்ச் சட்டப் புத்தகத்தை நீட்டினால் யார் விளையாடுவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மணிக்கணக்கில் செக்லிஸ்ட் படித்து இன்ஜினை உயிர்ப்பிக்கும் ஒரு கூட்டத்தைப் பார்த்து, உங்களுக்கு விதிகள் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவர்கள் விரும்புவது விதிகளைத்தான். யாரும் இந்த விதிகளைச் சுவையாகக் கொடுக்கவில்லை என்பதுதான் குறை. வேண்டாதவர் அணைத்துவைக்க ஒரு பொத்தான் இருந்தால் போதும்.

அடுத்த எதிர்வாதம் இதைவிடக் கனமானது. ஒற்றைத் திரையில் பக்கவாட்டுப் பார்வை கிடையாது. எதிரே வரும் விமானம் நிஜத்திலேயே கண்ணில் படாமல் போகிற அளவுக்குச் சின்னப் புள்ளி, திரையில் அது ஒரு பிக்ஸல். பார்த்து விலகுவதை வீட்டில் கற்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிமுலேட்டரில் பழகிவிட்டு வரும் மாணவர்கள் வெளியே பார்க்காமல் கருவிகளையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பயிற்றுநர்களின் பழைய புலம்பல். அமெரிக்க விதியும் இந்த எல்லையை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் கருவிகளில் பயிற்றுநருடன் செலவிட்ட நேரம், கருவி வழிப் பறத்தல் தகுதிக்கு 10 முதல் 20 மணி வரை கணக்கில் வரும். கருவிகளைப் பார்ப்பது அங்கேதான் வேலை. கண்பார்வைப் பயிற்சிக்கு அந்தச் சலுகை மிகச் சொற்பம். ஆனால் சிறிய நிலையத்தின் வான்வெளி கண்ணுக்கு மட்டும் வேலை தருவதில்லை. யார் எங்கே இருப்பதாகச் சொன்னார், அது எந்த உயரம், அந்த வட்டத்துக்குள் நுழையும் முன் எனக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது, பதில் என் பெயருக்கு வந்ததா வேறொருவருக்கா என்று மனத்துக்குள் ஒரு படம் வரைந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் படத்தை வரையச் செவியும் வரைபடமும் போதும். குவின்சியில் தவறியது முதலில் அந்தப் படம்தான்.

அமெரிக்க விதிகள் நமக்கு எதற்கு என்ற கேள்வியும் வரும். நம் நாட்டில் சிறு விமானம் ஒன்று புறப்பட, பயணத் திட்டம் தாக்கல் செய்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் பெற வேண்டும். கோவா டபோலிம், புனே போன்ற இடங்களில் வானத்தைக் கவனிப்பது கடற்படையும் விமானப்படையும். அமெரிக்காவின் தாராளம் இங்கே கிடையாது. பிரிட்டனில் இன்னொரு ஏற்பாடு: ஜி வகுப்புக்குள்ளேயே நிலையத்தைச் சுற்றி 2 அல்லது 2.5 கடல் மைல் வட்டத்தில், 2,000 அடி உயரம் வரை ஒரு தனி மண்டலம். எண்கள் மாறினாலும் தூரம், உயரம், யாருடன் பேச வேண்டும் என்ற மூன்று கேள்விகளும் எங்கும் அவைதான். இது விமானிகளோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2021-ல் வந்த இந்திய ட்ரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் 200 அடிக்கு மேல் இருப்பது மஞ்சள் மண்டலம். அங்கே பறக்க ஏடிசியின் அனுமதி வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு மேலே ட்ரோனை ஏற்றும் வீடியோகிராஃபரும் வயலுக்கு மருந்து தெளிக்கிறவரும், அதே தரைக்கு மேல் உயரம் மாறினால் சட்டம் மாறுகிற வானத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கணக்கைக் காசில்லாமல், ஆபத்தில்லாமல் பழக ஒரு கருவி வீட்டில் இருக்கிறது என்றால் அது சிமுலேட்டர்தான்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், மேலே சொன்ன அதே வாட்சன்வில்லைச் சொல்வேன். டவர் இல்லாத அந்த நிலையத்திலிருந்து தெற்கே சுமார் 20 கடல் மைலில் டி வகுப்பு வான்வெளி கொண்ட சலீனாஸ். அங்கிருந்து மேற்கே இன்னும் குறைந்த தூரத்தில் சி வகுப்பு கொண்ட மான்டெரே. ஒரு செஸ்னா 172-ல் மூன்றையும் தொட்டுத் திரும்ப ஒரு மணி நேரம் போதும். அதற்குள் அறிவிப்பு, அழைப்பு, காத்திருப்பு, ட்ரான்ஸ்பாண்டர் எல்லாம் வந்துவிடும். கடல் பக்கமிருந்து தாழ்மேகம் ஏறி வரும் காலை என்றால் மேகத்திலிருந்து தள்ளி இருக்கும் கணக்கும் சேர்ந்துகொள்ளும். சலீனாஸ் டவர் 24 மணி நேரமும் இயங்குவதில்லை. அது மூடியதும் அங்கே டி வகுப்பு விலகிவிடும், டவரின் அலைவரிசையே பொது அலைவரிசையாகும். பெரும்பாலான சிமுலேட்டர்களில் இன்றும் அந்த டவர் இரவெல்லாம் விழித்திருந்து பதில் சொல்கிறது. தயாரிப்பாளர்கள் முதலில் அதைத் தூங்க விடட்டும்.